ஆட்டம் நிற்காத வரை

பிப்ரவரி 5, திங்கள்

முதல்வர் அழைத்து, மாணவர் பேரவை நடத்தவிருக்கும் தொடர் நடனத்துக்கு நான் பொறுப்பாசிரியராக இருக்க வேண்டும் என்றார். விலங்கியல் துறைத் தலைவனுக்கும் நடனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன்.

"நீங்க இருந்தா பயலுவ வாலாட்ட மாட்டானுவ சார்" என்றார்.

முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் ஈட்டிய நற்பெயர் இது.

நிகழ்ச்சி இம்மாதம் இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கல்லூரிக் கலையரங்கில் தொடங்கும் ஆட்டம் மாலை ஆறு வரை நிற்கக் கூடாது. ஆடுபவர்கள் முறை வைத்து ஓய்வெடுக்கலாம். ஆனால் எந்த நொடியிலும் யாராவது ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஊரார் மணிக்கு இவ்வளவு என்று நன்கொடை ஒப்புக்கொள்வார்கள். ஆட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே நன்கொடையும் நிற்கும். திரளும் தொகை, கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தும் பேச்சியம்மாளின் மகள் மதிவதனியின் சிகிச்சைக்கு. ஏழு வயது. இரத்தப் புற்றுநோய்.

அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும். பள்ளி விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஏறி அமர்ந்து, மாணவர்களின் தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பாள். கோணலாகத்தான் அடிப்பாள். யாரும் குறை சொன்னதில்லை. கார்த்திகைக்குப் பிறகு அவளை அங்கே காணவில்லை.

பேரவைச் செயலர் செல்வக்கனி என் துறை மாணவி, மூன்றாமாண்டு. பிற்பகல் அறைக்கு வந்தாள்.

"சார், நீங்க ரூல்ஸ் மட்டும் எழுதிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

"ஏன், உங்களுக்கு எழுதத் தெரியாதா?"

"நாங்க எழுதுனா ஓட்டை இருக்கும் சார். நீங்க எழுதுனா எறும்பு கூட நுழையாது."

எழுதிக் கொடுத்தேன். நடனம் எனக்குப் பிடிக்காது என்பதையும் தெரிவித்தேன். "தெரியும் சார்" என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 7, புதன்

செல்வக்கனியுடன் மருத்துவமனைக்குச் சென்று மருத்துவரைச் சந்தித்தேன். இளம்பெண். நேராகப் பேசுகிறார்.

"இருபத்து நாலாம் தேதி வாக்குல பிள்ளைக்கு வெள்ளணு ரொம்ப கீழ எறங்கியிருக்கும் சார். மருந்து அப்படி. வீடு, ஆஸ்பத்திரி, ரெண்டு எடந்தான். கூட்டத்துக்குள்ள மட்டும் கொண்டு போயிராதீங்க. ஒருத்தர் தும்முனா போதும்."

பாடநூலில் ஒரு பக்கத்துக்கு மேல் வராத செய்தி. ஆண்டுதோறும் அதைக் கரும்பலகையில் வரைந்து, ஐந்து மதிப்பெண் வினா என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடியும் பழுது. மெக்கானிக் வருவதாகச் சொல்லி வரவில்லை. இரண்டாமாண்டு செய்முறை ஏடுகளில் பாதி திருத்தியாகிவிட்டது. தவளையின் இதயத்தை இடம் மாற்றி வரைந்தவர்கள் பலர்.

பிப்ரவரி 9, வெள்ளி

தாளாளர் அமிர்தராஜன் தம் அறையில் கூட்டம் நடத்தினார். முதல்வர், நான், செல்வக்கனி, சிறப்பு விருந்தினராக வரவிருக்கும் நகைக்கடை உரிமையாளர் பால்துரை.

பால்துரையின் அறிவிப்பு பெருந்தன்மையானது. மாணவர்கள் எவ்வளவு திரட்டினாலும் அதே அளவு தொகையை அவரும் தருவார். நிபந்தனை ஒன்றே ஒன்று: குழந்தையை மேடையில் தம் கண்ணால் பார்க்க வேண்டும்.

"போன வருசம் ஒருத்தன் இல்லாத பிள்ளைக்கு நோயின்னு சொல்லி எங்கிட்ட வாங்கிட்டுப் போயிட்டான் சார். இனிமே பாத்துட்டுத்தான் குடுப்பேன். தப்பா?"

தவறில்லை. மருத்துவமனைக்குச் சென்று கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்றேன். தாளாளர் இடைமறித்தார்.

"அங்கன போயி யாரு சார் போட்டோ எடுக்கது? சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும், மேடையில செக்கக் குடுப்போம். தெர்மாகோல்ல பெரிய செக்கு ஒண்ணு சொல்லியாச்சு. பயனாளி இல்லாம விழாவா?"

மருத்துவர் கூறியதைச் சொன்னேன்.

"அஞ்சு நிமிசம் சார். மாஸ்க்கு போட்டு விட்டுருவோம்."

"கிருமிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். செல்வக்கனி மட்டும் சிரிக்கவில்லை.

நம் ஊரில் உதவி என்பது மேடையில்தான் நிகழ்கிறது. தையல் இயந்திரமோ, மூன்று சக்கர வண்டியோ, நோட்டுப் புத்தகமோ, எதுவாயினும் கொடுப்பவர்கள் எட்டுப் பேர் ஒரு விளிம்பைப் பற்றிக்கொள்வார்கள். வாங்குபவர் மறு விளிம்பைப் பற்றிக்கொண்டு சற்றே குனிந்து நிற்க வேண்டும். எல்லாரும் கேமராவைப் பார்ப்பார்கள். கொடுக்கப்படும் பொருளை யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 10, சனி

கோபம் எதுவும் இல்லை. இரத்த அழுத்தம் மட்டும் நூற்று அறுபதுக்கு நூறு. உப்பைக் குறைக்குமாறு மனைவி பிரமுவிடம் சொன்னேன். "உப்பா காரணம்?" என்றாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையில் கல்லூரி வாசலில் பிளெக்ஸ் முளைத்திருந்தது. தாளாளர் முழு உருவமாகக் கைகூப்பி நிற்கிறார். பால்துரை அவரைவிட அரையடி உயரம் குறைவு. அடியில் இடது மூலையில், முடி கொட்டிய தலையோடு மதிவதனி. மருத்துவமனைக் கட்டிலில் யாரோ எடுத்த படம். 'இந்தப் பிஞ்சுக்கு உயிர்ப்பிச்சை அளிப்பீர்' என்று சிவப்பெழுத்து. எதிரே சாலைக்கு அப்பால் பேச்சியம்மாளின் கடை. ஒவ்வொரு முறை தலை நிமிரும்போதும் அவர் கண்ணில் அதுதான் படும்.

துறைக்குச் சென்று, முதல் வகுப்பை முடித்துவிட்டு, மாநகராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அனுமதி பெறாத விளம்பரப் பலகை ஒன்று போக்குவரத்துக்கு இடையூறாக உள்ளது என்று பொதுமக்களில் ஒருவன் என்ற முறையில் தெரிவித்தேன். மதியத்துக்குள் ஆட்கள் வந்து அகற்றிவிட்டார்கள். அரசு இயந்திரம் இவ்வளவு விரைவாக இயங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் ஒத்திகை. கலையரங்கின் மின்விசிறிகள் எல்லாம் ஓடியும் வியர்வை நாற்றம். பறை அடிக்கும் இரு மாணவர்கள் நன்றாக அடிக்கிறார்கள். மற்றவர்கள் ஆடுவதை ஆட்டம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறேன்.

"சார், ஒரு ஸ்டெப்பு போடுங்க சார்" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஏல, சார் கால அசைச்சாலே இன்டர்னல் மார்க்குல கை வைப்பாரு" என்றது இன்னொரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் மிக ஒழுக்கமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

செல்வக்கனி அருகில் வந்து, "பிளெக்ஸ எடுத்தது யாருன்னு தாளாளர் விசாரிக்காவ சார்" என்றாள்.

"மாநகராட்சி."

"அதான் சார் நானும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஆடப் போனாள்.

பிப்ரவரி 15, வியாழன்

ஜெராக்ஸ் கடைக்குச் சென்றேன். குழந்தையை மேடைக்கு அனுப்ப மறுத்துவிடுமாறு பேச்சியம்மாளிடம் கேட்டுக்கொள்வதே நோக்கம். உரிமையுள்ளவர் அவர் ஒருவர்தான். அவர் மறுத்தால் யாரும் வற்புறுத்த இயலாது.

முதலில் மருத்துவர் கூறியதைச் சொன்னேன். இயந்திரத்தில் தாளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டார். பிறகு, நோயுற்ற ஒரு குழந்தையை மேடையில் நிறுத்திக் காட்டுவது முறையன்று என்றும், தாய் என்ற முறையில் அந்த நிலைக்கு அவர் தம்மை ஆளாக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்றும், தொகையை வங்கிக் கணக்கில் செலுத்த ஏற்பாடு செய்ய முடியும் என்றும் விளக்கினேன். இயந்திரத்தை நிறுத்தினார்.

"சார், நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கள்."

"டாக்டரம்மா கூட்டம் ஆவாதுன்னு சொன்னாவ. செரி. மேடை ஆவாதுன்னு அவுக சொல்லலியே. மேடை ஆவாதுன்னு நீங்கதான சொல்லுதீய?"

"உங்களுடைய கௌரவத்தைக் கருதித்தான்..."

"காசு குடுக்கவங்க முகத்தப் பாக்காம எப்படி சார் வாங்கது? களவாண்ட மாரில்லா இருக்கும். இந்தப் பிள்ளையளு எனக்காவ ஒரு நாப்பூரா கால் வீங்க ஆடப் போவுது. நான் வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு பேங்குல ஏறிட்டான்னு பாத்துக்கிட்டு கெடக்கணுமா? எனக்கு அதான் சார் வெக்கம். எனக்குப் பதிலா நீங்க எதுக்கு வெக்கப்படுதீய?"

வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். ஆதார் அட்டை, முன்னும் பின்னும், நான்கு பிரதி. நான் ஒதுங்கி நின்றேன். அவர் போனதும் நானும் கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

இரவு உணவின்போது பிரமுவிடம் நேற்றைய உரையாடலைச் சொன்னேன். அவள் சாதத்தில் மோரை ஊற்றிவிட்டு, "அந்தத் துணி சமாச்சாரம்தான உங்கள இந்தப் பாடு படுத்துது" என்றாள். இல்லை என்றேன்.

தெளிவுக்காக மட்டும் எழுதி வைக்கிறேன். எனக்குப் பத்து வயது. தந்தை இல்லாத மாணவர்களுக்குச் சீருடைத் துணி வழங்கும் விழா. என் பெயரை அழைத்தார்கள். ஏறினேன், வணங்கினேன், துணியைப் பெற்றுக்கொண்டேன். பல்பு எரியவில்லை என்றார் புகைப்படக்காரர். துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கொடுத்தார்கள். மறுபடியும் வணங்கினேன். நான் சிரிக்கவில்லையாம். மூன்றாம் முறை வாங்கும்போது, "நல்லா சிரிடே, ஓசியிலதான வாங்குத" என்றார் கொடுத்தவர். சிரித்தேன். படம் நன்றாக வந்திருந்தது என்று அம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை.

இதற்கும் தற்போதைய விஷயத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இப்போதைய கேள்வி தொற்று பற்றியது.

பிப்ரவரி 19, திங்கள்

தாளாளர் தனியே அழைத்துக் காபி வரவழைத்தார். மாநகராட்சியில் அவருக்கு வேண்டியவர் இருக்கிறார் போலும்.

"ஜூன்ல முதல்வர் ரிட்டையர் ஆகுதாரு. சீனியாரிட்டியில அடுத்தது நீங்கதான் நாயகம் சார். நமக்குள்ள ஒத்துப் போச்சுன்னா நல்லது."

"எதில் ஒத்துப்போக வேண்டும்?"

"எல்லாத்துலயுந்தான்."

முதல்வர் பதவியை நான் ஒருபோதும் எதிர்பார்த்ததில்லை. சென்ற மாதம் தைத்த கோட்டு, பிரமுவின் தம்பி மகன் திருமணத்துக்காக.

காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். சூடு அதிகம்.

பிப்ரவரி 21, புதன்

மருத்துவர் தம் கைப்பட எழுதிக் கொடுத்ததைத் தாளாளரிடம் அளித்தேன். படித்துவிட்டு, "செரி சார், பிள்ளை வர வேண்டாம். பால்துரை அண்ணாச்சிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். ஒரு வார்த்தை எதிர்ப்பில்லை.

மோட்டார் சரியாகிவிட்டது. தண்ணீர் வருகிறது. தாளாளரும் மோட்டாரும் ஒரே நாளில் சரியானதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பிப்ரவரி 24, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறு மணிக்குத் தொடங்கியது. மேடைக்குக் கீழே, நாற்காலிகளை விலக்கிய இடத்தில் ஆடினார்கள். நான் ஓரத்தில் மேசை போட்டுக் கடிகாரத்துடன் அமர்ந்தேன். காலையில் கிண்டலும் சிரிப்புமாக இருந்தார்கள். வெயில் ஏறியதும் பேச்சு நின்றது. மதியத்துக்கு மேல் கால்கள் மட்டுமே ஆடின. முகங்கள் வேறெங்கோ இருந்தன. ஒரு மாணவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்த்தி எண்ணெய் தேய்த்துவிட்டதும் அவன் எழுந்து மீண்டும் உள்ளே போனான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை.

நாலு மணிக்குப் பேருந்துகள் வந்தன. பால்துரையின் கடை ஊழியர்களைச் சீருடையுடன் கொண்டு வந்து இறக்கினார்கள். அரங்கு நிரம்பி, நடைபாதையிலும் ஆட்கள் நின்றார்கள். பலர் இருமிக்கொண்டிருந்தார்கள். மாசிப் பனி.

ஐந்து மணிக்குச் சற்று முன், செல்வக்கனி ஆட்டத்திலிருந்து விலகி ஓடிவந்தாள். "சார், பேச்சியக்காவும் பாப்பாவும் தாளாளர் கார்ல வந்திருக்காவளாம். கார் போர்டிகோவுல நிக்கு."

கடிகாரத்தைத் துறை ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றேன். வெள்ளைக் கார். பின்னிருக்கையில் பேச்சியம்மாள். பக்கத்தில் முகக்கவசமும் கம்பளித் தொப்பியுமாக மதிவதனி. அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. தாளாளரின் உதவியாளர் ரத்தினம் கதவைத் திறக்கக் கை வைத்தார். நான் கதவின் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"என்ன சார் இது? வழிய விடுங்க" என்றார் ரத்தினம்.

"குழந்தை வர வேண்டாம் என்று புதன்கிழமை தாளாளர் சொன்னார்."

"இன்னைக்கு வரச் சொல்லிட்டாவ."

பேச்சியம்மாள் கண்ணாடியைச் சற்று இறக்கினார். "தனி ரூமு, கூட்டமே இருக்காதுன்னாவளே சார். உள்ள என்ன இவ்வளவு சத்தம்?"

"ஆயிரம் பேர் இருக்கிறார்கள்" என்றேன்.

அரங்க வாசலைப் பார்த்தார். படிக்கட்டு வரை நின்றிருந்த தலைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கையை எடுங்க சார்" என்றார்.

நான் எடுக்கவில்லை.

"எடுங்க சார். நான் எறங்கணும். பிள்ளை எறங்காது."

எடுத்தேன். அவர் இறங்கி, கதவைத் தாமே சாத்தினார். "தம்பி, கண்ணாடிய ஏத்தி ஏசியப் போட்டு வைங்க. நான் வந்து சொல்லாம யாருக்கும் கதவத் தொறக்கக் கூடாது" என்று காரோட்டியிடம் சொல்லிவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, படியேறி உள்ளே போனார். நான் பின்னால் போனேன். அவருடைய நடையில் அவசரமில்லை. கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போனேன்.

மேடையில் அவரை ஏற்றினார்கள். இசையைத் தாழ்த்தினார்கள், கீழே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆளுயரத் தெர்மாகோல் காசோலையைத் தாளாளரும் பால்துரையும் முதல்வரும் பற்றியிருந்தார்கள். பால்துரை ஒலிவாங்கியில் கேட்டார்:

"பிள்ளை எங்கம்மா?"

"கார்ல இருக்கு அண்ணாச்சி."

"கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நாங்க பாக்கணும்லா."

பேச்சியம்மாள் பதில் சொல்லும் முன்பே தாளாளர் கண்ணைக் காட்டினார். ரத்தினம் மேடையின் பக்கவாட்டிலிருந்து இறங்கி, நடுப்பாதை வழியாக வாசலை நோக்கி வந்தார். அவருடன் இன்னும் இருவர். சம்பளம் கொடுப்பவரின் ஆட்கள் வந்து கேட்டால் காரோட்டி எவ்வளவு நேரம் கதவைத் திறக்காமல் இருப்பார்?

செல்வக்கனி ஆடிக்கொண்டே என் மேசையருகே வந்தாள். கால் நிற்கவில்லை. மூச்சு வாங்கியது.

"சார், வாசலத் தாண்டி வெளிய போயி ஆடுனா கணக்கு உண்டா?"

"ஆட்டம் நிற்கக் கூடாது என்பதுதான் விதி. இடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை."

"அப்ப ஓட்டை விட்டுட்டீய சார்."

"அதை ஓட்டை என்று நான் சொல்லவில்லையே."

அவள் திரும்பிக் கையை உயர்த்தினாள். பறை அடித்தவர்கள் இருவரும் முதலில் நடுப்பாதையில் இறங்கினார்கள். பின்னாலேயே எல்லாரும். அந்த வழியில் ஒருவரும் அவர்களை முந்திப் போக முடியாது. ரத்தினம் பாதி வழியில் மாட்டிக்கொண்டு, ஆடுபவர்களுக்கு நடுவே ஆடாத ஒரே மனிதராகத் தள்ளப்பட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். படி இறங்கி, காரைச் சுற்றித் தொலைவாக வட்டமிட்டு, அதற்குள் ஒருவரையும் விடாமல் ஆடினார்கள். பறைச் சத்தம் கேட்டு அரங்கம் முழுவதும் எழுந்து வெளியே வந்தது. கடிகாரத்துடன் நானும் வந்தேன். மைதானத்தில் காற்று இருந்தது. தும்மியவர்கள் காரிலிருந்து வெகுதூரத்தில் நின்று தும்மினார்கள்.

மேடையில் இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்களும் காசோலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அரங்க வாசலில் அது குறுக்காகச் சிக்கி மூலை உடைந்தது. ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே பேச்சியம்மாள் படிக்கட்டின் மேற்படியில் வந்து நின்றார்.

"அந்தா கார்ல கண்ணாடிக்குள்ள இருக்கது எம்பிள்ள, அண்ணாச்சி. நல்லா பாத்துக்கிடுங்க."

பால்துரை, "மேடையிலன்னுதானம்மா பேச்சு" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. வியாபாரத்தில் பேசியபடி நடக்க வேண்டும் என்பதுபோல் சொன்னார்.

பேச்சியம்மாள் கூட்டத்தைப் பார்த்தார். நேராக, வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"காசு குடுத்த எல்லாருக்கும் கும்புடுதேன். ஒங்க முகத்தப் பாக்கணும்னுதான் வந்தேன், பாத்துட்டேன். இந்தப் பிள்ளையளு ஆடுனது எம்பிள்ளைக்கு ஒட்டும். அண்ணாச்சி, நீங்க தாரேன்னு சொன்னது பெரிய மனசு. ஆனா அத வாங்க எம்பிள்ளைய கூட்டத்துக்குள்ள எறக்கணும்னா, அந்தப் பாதி ஒங்கக்கிட்டயே இருக்கட்டும். மிச்சப் பாதிய வச்சுப் பாத்துக்கிடுதேன்."

கும்பிட்டார். கும்பிட்டபோது தலை குனியவில்லை. இதை நான் கவனித்தேன்.

பால்துரை காசோலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு தம் காரை வரச் சொல்லி ஏறிப் போய்விட்டார். ஊழியர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாளாளர் என்னைப் பார்த்த பார்வையைப் பதிவு செய்யத் தேவையில்லை.

கடைசிக் கால்மணி நேரத்தில் மாணவர்கள் ஒவ்வொருவராகப் புல்லில் சரிந்தார்கள். செல்வக்கனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பறை மட்டும் ஒலித்தது. எப்படியோ, ஆறு மணி வரை ஆட்டம் நிற்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

இரு முழங்கால்களும் வீங்கியிருக்கின்றன. நெடுநேரம் நின்றதால் இருக்கலாம்.

பிரமு தைலம் தேய்த்துவிட்டாள். "நின்னதுக்கா இப்படி வீங்கும்?" என்றாள். மைதானம் மேடுபள்ளமானது என்று விளக்கினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்ததற்குக் காரணம் கேட்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

மதிவதனிக்குக் காய்ச்சல். நேற்றிரவு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். தனியறை. செல்வக்கனி வகுப்பு நடுவில் எழுந்து வந்து சொன்னாள். பாடத்தைத் தொடர்ந்தேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஆட்டத்தின் நடுவே குழந்தை கார்க் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிப் பறைச் சத்தத்தைக் கேட்டாள். காரோட்டி கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். உடனே ஏற்றச் சொல்லவில்லை. அவள் கேட்டு முடிக்கட்டும் என்று சிறிது நேரம் விட்டேன். பிறகுதான் கை காட்டினேன்.

காரோட்டி இருமினாரா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அருகில் நின்றவர்களுள் யார் இருமினார்கள்? கண்ணாடிக்கு மிக அருகில் நின்றவன் நான்தான்.

இன்று கோபப்படுவதற்கு வெளியே யாரும் மிஞ்சவில்லை.

பிப்ரவரி 28, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை.

பிப்ரவரி 29, வியாழன்

தாளாளரிடமிருந்து விளக்கம் கோரும் குறிப்பாணை. நிகழ்ச்சியை அரங்கை விட்டு வெளியே கொண்டுசெல்ல மாணவர்களைத் தூண்டியது, சிறப்பு விருந்தினரை அவமதித்தது, இன்ன பிற. முதல்வர் அதைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஜூன் மாசத்துக்கு வேற ஆளப் பாக்காங்க போல சார்" என்று மேசையிடம் சொன்னார்.

மருத்துவமனை எண்ணுக்கு முயன்றேன். எடுக்கவில்லை. மறுபடியும் முயன்றேன்.

மார்ச் 2, சனி

காய்ச்சல் விட்டுவிட்டது. கிருமி வெளியிலிருந்து வந்ததில்லை என்றும், இந்த மருந்து ஏற்றும் குழந்தைகள் பலருக்கு இப்படி வருவதுதான் என்றும் மருத்துவர் சொன்னதாகச் செல்வக்கனி தொலைபேசியில் கூறினாள். அவளிடம் இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.

"அண்ணாச்சி குடுக்காத பாதிக்கு ஏப்ரல்ல இன்னொரு தடவ ஆடலாம்னு இருக்கோம் சார். ரூல்ஸ மாத்தணுமா?"

"தேவையில்லை."

குறிப்பாணைக்குப் பதில் எழுதினேன். மாணவர்களை நான் தூண்டவில்லை; அவர்கள் கேட்டார்கள், விதியின் பொருளைச் சொன்னேன்; இனி ஒரு முறை கேட்டாலும் அதையே சொல்வேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்துக் கடைசி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 4, திங்கள்

கல்லூரி முடிந்து மருத்துவமனைக்குச் சென்றேன். குழந்தையின் அறைக்குள் யாருக்கும் அனுமதியில்லை. தாழ்வாரத்துப் பக்கம் பெரிய கண்ணாடி. பேச, சுவரில் இன்டர்காம். பேச்சியம்மாள் உள்ளே உறைகளும் கவசமுமாக அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார். மெலிஞ்சிட்டீயளே" என்றார். நான் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்களைச் செவிலியிடம் கொடுக்கச் சொன்னார். தோல் உரித்துத் தின்னும் பழம் ஆகும், திராட்சைதான் ஆகாதாம்.

மதிவதனி கண்ணாடியை ஒட்டிய கட்டிலில் முழங்காலிட்டு என்னை வெகுநேரம் ஆராய்ந்தாள்.

"எம்மா, இந்த சார்தான அன்னைக்கு கடைசில தனியா ஆடுனாவ? கோணக்கால் வச்சு?"

"ஏட்டி, மரியாதையாப் பேசு."

"அது வேறு யாராவது இருக்கும்" என்றேன்.

"பொய்யி. நீங்கதான். எல்லா அக்காவும் உக்காந்துட்டாவ, நீங்க வாட்ச்ச படியில வச்சுட்டு வந்து ஆடுனீய. இப்படி இப்படி." கட்டிலில் அமர்ந்தவாறே இரு கைகளையும் விறைப்பாக நீட்டி, ஏதோ சுமையைத் தள்ளுபவள்போல் அசைத்துக் காட்டினாள். பேச்சியம்மாள் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் அசைந்தன.

"நல்லாவே இல்ல சார்" என்றாள் மதிவதனி. "ஆனா எனக்கு ஒரே சிரிப்பு. இன்னொரு மட்டம் ஆடுங்க."

இது மருத்துவமனை என்றேன். தெரியும் என்றாள். எனக்கு வயது ஐம்பத்தைந்து என்றேன். அதற்கு என்ன என்று கேட்டாள். முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை என்றேன்.

"செரி, கொஞ்சமா ஆடுங்க" என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துக் காத்திருந்தாள்.

தாழ்வாரத்தில் ஒருவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். செவிலி ஒருத்தி தட்டுடன் கடந்து போனாள். போகட்டும் என்று பொறுத்திருந்தேன்.

பிறகு கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.